பல்லக்கா தராமல் வைத்திருந்த பாட்டு

பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுக்கும் ஒரு லேபில் அவள் வேலை பார்த்தாள். அதனால் பல்லக்கா. முதலில் அப்படிக் கூப்பிட்டவன் நான்தான். கூப்பிட்ட அன்று முறைத்தாள். கொஞ்ச நாள் கழித்து அவளே போனில் "பல்லக்கா பேசறேன்டா" என்றாள். பெயர் நிலைத்துவிட்டது.

அந்த லேப் ஒரு நீளமான அறை. சிங்க்கைச் சுற்றிப் பிளாஸ்டர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். அலமாரி முழுக்க முகம் தெரியாதவர்களின் தாடைகள். யாரோ சொன்ன பாதி ஜோக்குக்குச் சிரிக்கத் தொடங்கி அப்படியே நின்றுபோனவை மாதிரி இருக்கும். அவள் மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, சின்னக் கத்தியால் ஈறு செதுக்கிக்கொண்டிருப்பாள். பாலிஷ் போடும் மோட்டார் ஒரே சுருதியில் ரீங்காரம் இடும். அந்தச் சத்தத்தின் மேல்தான் அவளுக்கு மெட்டுகள் வரும். மோட்டாரை நிறுத்தினால் மெட்டும் நின்றுவிடும் என்று, வேலை முடிந்த பல்லையே திரும்பத் திரும்பப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் டயர் கடைக்காரன். மாலையில் டிரம்ஸ். எங்களுடன் பேஸ் கிட்டார் வாசித்தவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அதிகம் பேசமாட்டார், நாளெல்லாம் கிணறு மாதிரியான லிஃப்ட் குழி இருட்டுக்குள் தனியாக நின்று பழகியவர். பல்லக்கா கிட்டார் வாசித்தாள், பாட்டுகளை எழுதினாள். பாடியது அவளுடைய தங்கை. அவளுக்கு மின்மினி என்று பெயர். அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். கண்ணைச் சுற்றி வெள்ளி மையும், உயரக் குதிகால் பூட்ஸும், பழைய திரைச்சீலையில் தானே தைத்த ஜிகினாச் சட்டையுமாக மேடையேறுவாள். குழுவுக்கு 'ஞானப் பற்கள்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அக்காவைக் கிண்டல் செய்ய வைத்த பெயர்.

பங்க் குழு என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஆசைதான். ஆனால் பங்க் இசைக்கு வேண்டிய கோபம் எங்களிடம் ஒரு பாட்டு முடியும்வரை தாங்காது. நடுவில் ஒரு தித்திப்பான மெட்டு புகுந்து கெடுத்துவிடும். உரத்த கிட்டார், இனிப்பான மெட்டு, மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு: இதற்குப் பவர் பாப் என்று பெயர் என எங்களுக்குச் சொன்னவர் சைக்கிள் கடைக்காரர். பழைய சைக்கிள் விற்கிற கடையின் பின்னால் ஒரு சின்ன ரெக்கார்டு லேபிளும் நடத்தினார். எங்களைப் போல யாருக்கும் தெரியாத குழுக்களின் இசைத்தட்டுகளை அவர்தான் வெளியிட்டார். மின்மினியின் உடையைப் பார்த்துவிட்டு, "மேலே ஜிகினா கிளாம், உள்ளே பாப், வெளியே பங்க். எந்த வரிசையில வெக்கறதுன்னு ரெக்கார்டு கடைக்காரன் முழிப்பான்" என்றார்.

அக்கா தங்கையின் அம்மா இதையெல்லாம் தடுக்கவில்லை. "பெரியவ எழுதுவா, சின்னவ பாடுவா, நான் பக்கத்து வீட்டுல போய் மன்னிப்பு கேட்டுட்டு வருவேன். ஆளுக்கு ஒரு வேலை" என்பாள்.

முதல் தட்டு ஏழு அங்குலம். பாட்டு எழுதியவர் பெயர் என்ன போடட்டும் என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார். "குழுப் பேரைப் போடுங்க போதும். யார் செஞ்ச பல்லுன்னு யாராவது கேக்கறாங்களா? வாயில நிக்குதான்னுதான் பாப்பாங்க" என்றாள் பல்லக்கா. பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். அப்படி நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

வெளியுலகம் கண்டுகொள்ளாத குழுக்களின் புதுக் கிளாம், பங்க், பவர் பாப் வெளியீடுகளைப் பற்றி மட்டும் எழுதும் ஓர் இணையப் பக்கம் உண்டு. எங்கள் மாதிரி ஆட்களுக்கு அது நீதிமன்றம். அதில் எங்கள் தட்டைப் பற்றி ஒரு பத்தி வந்தது. மின்மினி போனைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடிவந்தாள். நானும் அங்கே இருந்தேன். மூச்சு வாங்க வாசித்தாள். இந்தப் பாடகி பாட்டு எழுதுகிற விதமே தனி, சின்னச் சின்ன விஷயங்களை இவளைப் போல் பார்க்க ஆளில்லை, இவளுடைய அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. வாசித்துவிட்டு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நமக்காகக் காத்திருக்காங்களாம்க்கா" என்றாள். அதில் என்ன தப்பு இருக்கிறது என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. அவளுக்குத் தானும் அக்காவும் வேறு வேறு இல்லை.

பல்லக்கா கையிலிருந்த மெழுகைப் பார்த்தபடி, "நல்லா எழுதியிருக்காங்க" என்றாள். அவ்வளவுதான். அன்று அவள் செதுக்கிய ஈறு கோணலாகப் போய் மறுபடி உருக்கினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டு வந்தது. 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று பெயர். கிளம்ப வேண்டிய ஒருத்தி வாசலில் செருப்பைத் தேடுவதாகப் பாவனை செய்துகொண்டு நிற்கிறாள்; அவ்வளவுதான் விஷயம். மெத்தைக் கடையின் கீழ்த்தளத்தில் நாங்கள் ஒத்திகை பார்ப்போம். விற்காத மெத்தைகள் சுவரில் சாய்ந்திருக்கும். பல்லக்கா கிட்டாரில் ஒரு தடவை வாசித்துக் காட்டி, வரிகளைத் தங்கை கையில் கொடுத்தாள். மின்மினி பாடினாள். வழக்கமாக அவள் முதல் தடவையே எல்லாவற்றையும் கத்திப் பாடுவாள். அன்று கத்தவில்லை. வரிகளை அப்போதுதான் தனக்குள் கண்டெடுக்கிறவள் போலப் பாடினாள். பாட்டு முடிந்ததும் நான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டேன். லிஃப்ட்காரர் பேசினார். "இது போதும்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பல்லக்கா கிட்டாரின் வயரைப் பிடுங்கினாள். "இது அடுத்த தட்டுக்கு வேணாம்" என்றாள்.

"ஏன்க்கா? இதுதான் இருக்கறதுலயே நல்ல பாட்டு."

"தெரியும். இதை நானே பாடப்போறேன்."

பல்லக்காவின் குரல் கெட்ட குரல் இல்லை. சரியான சுருதியில் போய் நிற்கும். ஆனால் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் எங்கும் போகாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள் என்பது பிறகு எனக்குப் புரிந்தது. அந்தப் பாட்டைத் தங்கை பாடினால் உலகம் அதைத் தங்கையின் பாட்டு என்றே சொல்லும். ஒன்றையாவது தன் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

பிறகு ஒத்திகைக்கு வருவது குறைந்தது. லேபில் வேலை அதிகம் என்றாள், தோள்பட்டை வலி என்றாள். ஒருநாள் கிட்டாரை வீட்டுக்கு எடுத்துப் போனவள் திரும்பக் கொண்டுவரவில்லை. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. வேறு ஒரு கிட்டார்காரரைச் சேர்த்துக்கொண்டோம். மின்மினி தானே எழுதத் தொடங்கினாள். பாட்டுகள் சுமார்தான். குரல் அவற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அந்த இணையப் பக்கம் "முன்பு எழுதிய மாதிரி இப்போது எழுதுவதில்லை" என்று குறைபட்டது. மின்மினி அதற்கும் சிரித்தாள். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

பல்லக்கா தன் பாட்டைத் தானே பதிவு செய்ய முயன்றாள். மதிய இடைவேளையில் லேபின் கதவைச் சாத்திக்கொண்டு பாடி, என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"சுருதி சரியா இருக்குக்கா."

"அதையா உன்கிட்டக் கேட்டேன்?" என்றாள். அதோடு அதை அழித்துவிட்டாள். பிறகும் சில தடவை முயன்றிருப்பாள் போல. என்னைக் கூப்பிடவில்லை.

புதுத் தட்டு ஒன்று போடும் பேச்சு வரும்போதெல்லாம் மின்மினி அந்தப் பாட்டைக் கேட்பாள். முதலில் அம்மா மூலம் சொல்லி அனுப்பினாள். பிறகு நேராகவே கேட்டாள். அவர்கள் அம்மாவின் ஸ்கூட்டருக்கு டயர் மாற்ற நான் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மதியம் அது. சாப்பாட்டு மேசையில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். மின்மினி குழந்தை மாதிரி அக்காவின் தட்டிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டே, "அந்தப் பாட்டைக் குடேன்க்கா. சும்மாதானே கிடக்குது" என்றாள்.

பல்லக்கா தட்டை நகர்த்தி வைத்தாள். "என் பாட்டைப் போட்டுக்கிட்டு நீ மினுக்கினதெல்லாம் போதும். உனக்குன்னு ஒண்ணு இருந்தா அதைப் பாடு" என்றாள்.

மின்மினி விரலைத் துடைத்துக்கொண்டு, "சரிக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அம்மா என்னைப் பார்த்து, "டயர் என்னாச்சு?" என்றாள். அது அந்த மேசையைவிட்டு எழுந்து போ என்பதற்கான பேச்சு. எழுந்துபோனேன்.

அப்படியே வருஷங்கள் போயின. அக்காவும் தங்கையும் பேசாமல் இல்லை. உடம்பு, வேலை, அம்மாவின் முட்டிவலி எல்லாம் பேசினார்கள். இசையைப் பற்றி மட்டும் பேச்சு வராது. மின்மினி பாடுவதைக் கேட்க பல்லக்கா ஒருமுறைகூட வரவில்லை. வெளிவந்த தட்டுகளை வாங்கினாள் என்று சைக்கிள் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தங்கையிடம் கேட்டால் சும்மாவே கிடைத்திருக்கும்.

பிறகு மின்மினியின் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு. ஆபத்தானது இல்லை, எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் பாதிக்கப்படலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பாதிக்கப்பட்டது. யார் மேலும் குற்றம் இல்லை. குரல் நாண் ஒன்று அசையவில்லை. காத்திருங்கள், திரும்பலாம் என்றார்கள். ஊதும் பயிற்சி, முனகும் பயிற்சி எல்லாம் செய்தாள். திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அதில் வார்த்தைகள் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அழகு நிலையத்தில் முடி காயவைக்கும் இயந்திரங்கள் ஓடும்போது அவள் பேசுவது யாருக்கும் கேட்காது. கண்ணாடி வழியாக வாடிக்கையாளர்களின் கண்ணைப் பார்த்து, கையால் "இவ்வளவு போதுமா, இன்னும் குறைக்கவா" என்று கேட்கப் பழகினாள். வாடிக்கையாளர்கள் குறையவில்லை. தங்கள் கதையைக் குறுக்கே பேசாமல் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் அவர்களுக்குத் திருப்தி என்று அவளே சொல்லிச் சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் இல்லை.

பல்லக்கா லீவு நாளெல்லாம் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். அளந்து பேசுகிறவள், அங்கே போனால் நிறுத்தாமல் பேசினாளாம். "சின்னவ விட்ட இடத்தையெல்லாம் பெரியவ பேசியே ரொப்பறா. பாக்கவே முடியலப்பா" என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

குரல் திரும்பிவிடும் என்று எங்களில் கடைசிவரை நம்பியவள் பல்லக்காதான். நம்பினாள் என்பதைவிட, திரும்பியாக வேண்டும் என்றிருந்தாள். ஒருநாள் டயர் கடைக்கு வந்தாள். ஒரு லாரிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, "அவளுக்குச் சரியானதும் அந்தப் பாட்டைக் குடுத்துடலாம்னு இருக்கேன்டா" என்றாள்.

"சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கக்கா" என்றேன். அவள் எனக்குக் காது கேட்காதது மாதிரி இன்னொரு தடவை அதையே சொன்னாள்.

குழுவைக் கலைத்துவிடலாம் என்று நானும் லிஃப்ட்காரரும் நினைத்தோம். மின்மினி ஒப்புக்கொள்ளவில்லை. பார்சல் கம்பெனியில் பொட்டலம் பிரிக்கும் வேலை செய்யும் ஒரு பெண்ணை அவளே தேடிப் பிடித்துக் கூட்டிவந்தாள். குரல் கொஞ்சம் கனம், கொஞ்சம் கரகரப்பு. நன்றாகப் பாடினாள். சைக்கிள் கடைக்காரர் புதுத் தட்டுக்குச் சம்மதித்தார். அப்போதுதான் ஒரு சாயங்காலம் பல்லக்கா மெத்தைக் கடையின் படியில் இறங்கி வந்தாள், கையில் கிட்டாருடன்.

வந்தவள் யாரையும் பார்க்காமல், "இன்னும் அஞ்சு நிமிஷம் பாட்டை எடுத்துக்கோங்க" என்றாள்.

மின்மினி ஏதோ சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லை. லிஃப்ட்காரர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்.

"இப்ப எதுக்குக்கா?" என்றாள் மின்மினி.

"உனக்குத்தான் கொண்டுவந்தேன்."

"நான் எங்க பாடறது?"

பல்லக்கா அந்த இணையப் பக்கத்து விமர்சனத்தைப் பற்றி, அதில் எழுதியிருந்ததைப் பற்றி, அத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள். திக்கித் திக்கிச் சொன்னாள். கேட்கக் கேட்க மின்மினியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன். அது கோபம் இல்லை.

"இதுவா? எனக்குத் தெரியவே தெரியாதுக்கா" என்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கினாள். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மேடைக்கு மேடை உன் பேரைச் சொல்லிட்டுத்தான் பாடியிருப்பேன். நீ கேக்கவே இல்லையே."

"இதைப் போய்க் கேட்டு வாங்கணுமான்னு இருந்தேன்."

"நான் கேட்டேனே. வெக்கமில்லாம எத்தனை தடவை கேட்டேன்."

பல்லக்கா மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். புதிதாக வந்த பெண் பாவம், இந்தக் குடும்பத்துக்கு நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒலிவாங்கியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மின்மினிதான் எழுந்தாள். அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினாள். "பாடு" என்று உதட்டால் சொன்னாள்.

பதிவு ஒரு மதியம் நடந்தது. பார்சல்காரப் பெண்ணின் குரலுக்காகச் சுருதியை இறக்கியிருந்தோம். மின்மினி எதிரே நின்று, எந்த வார்த்தையில் மூச்சை விடக் கூடாது என்று கையால் காட்டினாள். அந்தப் பெண் கவனித்துப் பாடினாள். நேர்மையாகச் சொன்னால், நன்றாகவே வந்தது. இந்த வகைப் பாட்டில் பல்லவி இரண்டாம் தடவை வரும்போது கைத்தட்டல் சேர்ப்பது வழக்கம். யார் தட்டுவது என்று பேச்சு வந்தபோது மின்மினி கையைத் தூக்கினாள். அக்காவையும் இழுத்துக்கொண்டு போய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துத் தட்டினார்கள். மின்மினி எப்போதும் தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் விழுவாள், பாடும்போதும் அப்படித்தான். பல்லக்கா சரியாகத் தாளத்தில் தட்டினாள். திரும்பத் தட்டலாமா என்று பதிவு செய்பவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தத் தட்டில் நான் வாசித்தது உட்பட எதையும் நான் இரண்டாம் தடவை கேட்பதில்லை. அந்தக் கைத்தட்டலை மட்டும் கேட்பேன்.

இந்த முறை தட்டின் உறையில் பல்லக்காவின் பெயர் தனி வரியில் வந்தது. மின்மினி சைக்கிள் கடைக்கே போய், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று விரலால் அளவு காட்டிவிட்டு வந்தாளாம். இணையப் பக்கமும் அந்தப் பெயரைக் குறிப்பிட்டுப் பாராட்டியது. இவர் இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று கேட்டிருந்தது. அதை லேபில் போய்ப் பல்லக்காவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். நிறம் பார்க்கும் அட்டையை ஒரு பல்லுக்குப் பக்கத்தில் பிடித்தபடி கேட்டாள்.

"மின்மினி அதைப் பாடின அன்னிக்கு நீ எதுலயாவது பதிவு பண்ணினியாடா?" என்றாள்.

"இல்லக்கா. யாருமே பண்ணல."

"'செருப்பு'ங்கற எடத்துல குரலை இறக்கினா, ஞாபகம் இருக்கா?"

எனக்கு அங்கே அவள் குரல் ஏறியதாகத்தான் ஞாபகம். அதைச் சொன்னேன். பல்லக்கா இல்லை என்றாள். லிஃப்ட்காரருக்குப் போன் போட்டுக் கேட்டோம். அவர், "நிறுத்தினாங்க. அந்த எடத்துல சும்மா நிறுத்தினாங்க" என்றார். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறோம். மின்மினியைக் கேட்டால் தெரியும். பல்லக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குழு இன்னும் நடக்கிறது. பல்லக்கா, இடையில் வந்த கிட்டார்காரரோடு சேர்ந்து, திரும்பவும் கிட்டார் வாசிக்கிறாள், எழுதுகிறாள். மின்மினி முடிந்தபோது ஒத்திகைக்கு வந்து ஒலிப்பெருக்கியின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். புதுப் பாட்டுகளுக்கு அவள்தான் முதல் ரசிகை. உதட்டசைவால் கூடவே பாடுவாள். 'இன்னும் அஞ்சு நிமிஷம்' முறை வரும்போது மட்டும் பல்லக்கா, கம்பி இறங்கிவிட்டது, இதை நான் இல்லாமல் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே படிக்கட்டுக்குப் போய்விடுவாள். அவள் கிட்டார் சுருதி சரியாகத்தான் இருக்கும். உள்ளே தங்கை சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருப்பாள். நான் தாளத்தைத் தொடங்குவேன்.